கேட்டு வாங்கிய இரவுகள்

நீரேற்று நிலையத்தின் மோட்டார் அறையில், சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. ஆணியில் கயிறு கட்டி ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஷிப்ட் மாற்றிக்கொள்ள வேண்டியவர்கள் அதில் எழுத வேண்டும். இடப்பக்கம் கேட்பவர் கையெழுத்து, வலப்பக்கம் ஒப்புக்கொள்பவர் கையெழுத்து. இரண்டும் இருந்துவிட்டால் பொறியாளர் வாயே திறக்கமாட்டார். மோட்டார் ஓட வேண்டும், மேல்தொட்டி நிறைய வேண்டும். யார் கண்விழித்தார்கள் என்பது அவர் கவலை இல்லை.

ஏழு மாதங்களாக அந்தப் புத்தகத்தின் வலப்பக்கத்தில் ஒரே கையெழுத்துதான். மொத்தம் நான்கு ஆபரேட்டர்கள். மூன்று பேர் மாறி மாறி இரவு ஷிப்டைத் தள்ளிவிட, அத்தனையையும் ஒருவனே வாங்கிக்கொண்டிருந்தான். அதனால் அவனுக்கு ஆந்தை என்று பெயர் வந்துவிட்டது. பெயர் வைத்தவர் மீசை. நான்கு பேரில் மூத்தவர், மீசையைவிட வாய் பெரியது என்று மற்றவர்கள் சொல்வார்கள்.

முதலில் வந்து கேட்டவன் புதுமாப்பிள்ளை.

"அண்ணே, கல்யாணம் ஆகி இருபது நாள்தான் ஆகுது. இந்த வாரம் எனக்கு நைட்டு..." என்று தலையைச் சொறிந்தான்.

"நான் பார்த்துக்கறேன், போ."

"அடுத்த வாரம் உங்க நைட்டு வருதில்ல, அதை நான்..."

"வேண்டாம்ப்பா. அதையும் நானே பார்த்துக்கறேன்."

புதுமாப்பிள்ளைக்கு நம்ப முடியவில்லை. அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அதைப் பார்த்து நெட்டை வந்தான். நெட்டையின் அம்மாவுக்கு ராத்திரியானால் மூச்சுத் திணறும், பக்கத்தில் ஆள் வேண்டும். அப்புறம் மீசை வந்தார். "எனக்குக் காரணமெல்லாம் கிடையாது. ராத்திரியானா தூக்கம் வருது, அவ்வளவுதான்" என்றார். அவருடையதையும் அவன் வாங்கிக்கொண்டான்.

எல்லோரும் அவனை நல்லவன் என்றார்கள். அப்படி யாராவது சொல்லும்போதெல்லாம் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுத்தமானியின் முள்ளைப் பார்ப்பான். உள்ளே இருப்பது அவனுக்கல்லவா தெரியும். மனைவிக்குப் பக்கத்தில் படுப்பதிலிருந்து தப்பிக்கத்தான் அவன் அந்த இரவுகளை வாங்கினான். அவளிடம், "ஆபீஸ்ல நிரந்தரமா நைட்டு போட்டுட்டாங்க" என்று ஒரே ஒரு பொய் சொல்லிவைத்திருந்தான்.

பத்து மாதங்களுக்கு முன் அவனுடைய தம்பி இறந்துபோனான். வேறு ஊரில் இருந்தவன். இவனுடைய மகள் பள்ளியில் பரிசு வாங்கிய அன்று வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. அந்த அற்பக் கோபத்தில், ஒரு மத்தியானம் தம்பி மூன்று முறை போனில் கூப்பிட்டும் அவன் எடுக்கவில்லை. கொஞ்சம் ஏங்கட்டும் என்று விட்டுவிட்டான். மறுநாள் காலை வேறொருவர் கூப்பிட்டார். மாரடைப்பு என்றார்.

அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கம் போயிற்று. ஒரு மாதம் கழித்து, ஓரிரவு மனைவியின் பக்கம் திரும்பியபோது உடம்பு அவன் சொல்லைக் கேட்கவில்லை. "களைப்பா இருப்பீங்க, படுங்க" என்றாள் அவள். அந்த அன்பான வார்த்தைதான் அவனைச் சுட்டது. அடுத்த முறை, ஆகுமா ஆகாதா என்று பயந்துகொண்டே திரும்பினான். ஆகவில்லை. மூன்றாம் முறை திரும்பவே பயந்தான். பிறகு, இருட்டத் தொடங்கினாலே படுக்கப் போகாமலிருக்க ஏதாவது சாக்குத் தேட ஆரம்பித்தான்.

தம்பியைத் தவிக்கவிட்டதற்குக் கடவுள் கொடுத்த தண்டனை இது என்று அவன் முடிவு செய்துவிட்டான். மோட்டார் அறையில் தனியாக இருக்கும்போது கண்ணை மூடிக் கைகூப்புவான். மன்னித்துவிடு என்று கேட்கக்கூட நா எழாது. கடவுளிடம் மட்டும்தான் கைகூப்பினான் என்றும் சொல்ல முடியாது. போனில் வந்த ஓர் ஆண்மை மருந்து விளம்பரத்தைப் பார்த்து, பெயரில்லாத ஒரு பாட்டிலை வரவழைத்துக் கருவிப் பையில் ஒளித்துவைத்திருந்தான். இருமல் வந்த நிலையத்து ஃபிட்டர் அதை இருமல் மருந்தென்று எடுத்து இரண்டு மூடி குடித்துவிட்டார்.

"யோவ், என்னய்யா இருமல் மருந்து இது? இருமல் அப்படியே இருக்கு, வயிறுதான் ஓடுது" என்று அவர் மறுநாள் முனகியபோது எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். மருந்து அவனுக்கும் அதைத்தான் செய்திருந்தது.

காலையில் அவன் வீடு திரும்பும்போது மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வாங்குபவரின் முகத்துக்குத் தகுந்தபடி சட்டத்தை வளைத்து, காதுக்குப் பின்னால் உறுத்தாமல் பொருத்திக் கொடுப்பாள். அவன் பகலில் தூங்குவதற்காக அந்த இரண்டு அறை வீட்டையே அவள் ஊமையாக்கிவைத்திருந்தாள். சன்னலுக்குப் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தாள். அழைப்பு மணியின் கம்பியைக் கழற்றிவிட்டிருந்தாள். சொட்டும் குழாயின் வாயில் துணி கட்டியிருந்தாள், சொட்டு துணி வழியே சத்தமில்லாமல் இறங்கும். பதினோரு வயது மகள் பள்ளிவிட்டு வந்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி நடப்பாள்.

அவ்வளவு அமைதிக்கு நடுவே அவன் கண்ணை மூடிக்கொண்டு விழித்திருந்தான். இரண்டு மணி நேரம், மிஞ்சிப்போனால் மூன்று மணி நேரம் கண்ணயர்வான். மீதி நேரமெல்லாம் காகித ஓரத்தில் நுழையும் வெளிச்சக் கோடு சுவரில் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒரு புதன்கிழமை, வெளிச்சக் கோடு அலமாரியைத் தொட்டிருந்த நேரம், கதவு திறந்தது. மனைவி. மாலையில் வர வேண்டியவள் மத்தியானமே வந்து, பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் கட்டில் பக்கத்தில் நின்றாள்.

"தூங்கலைன்னு தெரியும். எழுந்திருங்க."

அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"இன்னைக்குக் கடைக்கு ஒரு பொண்ணு வந்தா. ஆறு மாசக் கர்ப்பம். காதுகிட்ட அழுத்துதுன்னா, கம்பியை வளைச்சுக்கிட்டே வீட்டுக்காரருக்கு எங்க வேலைன்னு கேட்டேன். பம்ப் ஹவுஸ்ன்னா."

அவன் காலைத் தரையில் ஊன்றினான்.

"நான் யாருன்னு தெரிஞ்சதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டா. 'அக்கா, உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்கணும். எல்லார் நைட்டையும் அவரே கேட்டு வாங்கிக்கறாராம். அவர் புண்ணியத்துலதான் இவர் தினம் வீட்ல இருக்கார். சாப்பிடறதுக்கு முன்னாடி உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கறோம்'னு சொன்னா." அவள் குரல் உயரவில்லை. "நல்ல பொண்ணு. அவ மேல எனக்குக் கோபமே வரலை. கண்ணாடியைச் சரியா மாட்டி அனுப்பிவெச்சேன். அப்புறம் உள்ள போய் உட்கார்ந்துட்டேன்."

"நான் சொல்ல வந்தது..."

"ஆபீஸ் போட்டதுன்னு சொன்னீங்களே."

அவன் படுக்கை விரிப்பின் ஓரத்தை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"இன்னொருத்தி இருந்திருந்தாக்கூட எனக்குப் புரிஞ்சிருக்கும். அவளைப் பார்த்து நான் எதுல குறைஞ்சேன்னு தெரிஞ்சுக்குவேன். நீங்க மோட்டார் பக்கத்துல போய் உட்கார்ந்திருக்கீங்க. என் பக்கத்துல படுக்கறதைவிட அந்தச் சத்தம் மேல்னு தோணியிருக்கு." அவள் பையை இறக்கிவைத்தாள். "சனிக்கிழமைலருந்து பள்ளிக்கூடம் லீவு. பொண்ணைக் கூட்டிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போறேன். திரும்பி வர்றதா வேண்டாமான்னு அங்க போய் யோசிக்கறேன். அதுக்குள்ள சொல்லணும்னு தோணுச்சுன்னா சொல்லுங்க."

சொல்லிவிடலாம் என்று வாய் திறந்தான். வார்த்தை உதடுவரை வந்து திரும்பிப் போயிற்று. போகட்டும், இவளாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று மனசுக்குள் ஒரு குரல் சொன்னது. அதைத் தியாகம் என்று அவன் எண்ணிக்கொண்டான். உண்மையில் அது பயம்தான். பயம் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தால் நம் எல்லோருக்குமே அடையாளம் தெரிவதில்லை.

மறுநாள் நிலையத்தில் வருடாந்திர உடல் பரிசோதனை. பழைய தண்ணீர் மீட்டர்கள் குவிந்து கிடந்த சாமான் அறையை ஒழித்து, ஒரு மேசை போட்டிருந்தார்கள். மருத்துவர் ஒரு பெண். அவனைவிடப் பத்து வயது சிறியவராக இருப்பார். நாடி பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், அவன் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைப் பார்த்தார்.

"இன்னும் ஒரு கேள்வி இருக்கு" என்றார். "எல்லார்கிட்டயும் கேட்கறதுதான். பாதிப் பேர் பொய் சொல்றாங்க. நான் இந்தச் சீட்டைப் பார்த்துக்கிட்டே கேட்கறேன், நீங்க அந்த மீட்டரையெல்லாம் பார்த்துக்கிட்டே பதில் சொல்லுங்க. தாம்பத்யத்துல ஏதாவது சிரமம் இருக்கா?"

சொன்னபடியே அவர் தலையைக் குனிந்துகொண்டார். நிமிரவே இல்லை. ஒருவருடைய வெட்கத்துக்கு இடம் விட்டுத் தலை குனிவதும் ஒரு வைத்தியம்தான். அவன், ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் எண்ணில் முள் நின்றுபோன அந்த மீட்டர்களைப் பார்த்தான். "இருக்கு" என்றான். பிறகு அவனே எதிர்பாராமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

"எவ்வளவு நேரம் தூங்கறீங்க?"

"மூணு மணி நேரம். சில நாள் ரெண்டு."

"கடைசியா எப்போ சந்தோஷமா இருந்தீங்க?"

இந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. யோசித்துப் பார்த்தான். பதிலாக வந்தது தம்பியின் சாவு. மூன்று போன் அழைப்புகளை மட்டும் சொல்லவில்லை.

"எப்பவாவது நல்லாத் தூங்கி எழுந்த காலையில, உடம்பு தானா விழிச்சுக்கிட்டது உண்டா?"

ஒரு முறை உண்டு. தொட்டி கழுவுவதற்காக நிலையத்தை நிறுத்திய நாளில், ஓய்வறை பெஞ்சில் பத்து மணி நேரம் அடித்துப்போட்டது போலத் தூங்கினான். எழுந்தபோது இருபது வயதுக்காரன் மாதிரி இருந்தது. பெஞ்சில் வந்து என்ன பிரயோஜனம் என்று அதை மறந்துவிட்டான்.

"அப்போ உடம்பு பெரிசாக் கெட்டுப்போகலைன்னுதான் தோணுது. ஆனா ஊகத்துல விடக்கூடாது. சர்க்கரை, கொழுப்பு, ஹார்மோன் எல்லாத்துக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்துடுவோம்" என்றார். "தூக்கம் குறைஞ்சா ஆம்பளைக்கு வேண்டிய ஹார்மோனும் குறையலாம். மனசு இருண்டு கிடந்தா ஆசை எழும்பாது. அதுக்கு மேல, ஆகுமா ஆகாதான்னு பயம். பயந்த உடம்பு ஓடத்தான் பார்க்கும், கொஞ்சாது. நீங்க என்ன பண்ணியிருக்கீங்க? பயந்துபோய், இருந்த கொஞ்சத் தூக்கத்தையும் கொண்டுபோய்க் குடுத்துட்டீங்க."

"அப்போ இது தண்டனை இல்லையா டாக்டர்?"

அப்போதுதான் அவர் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். "யார் குடுத்த தண்டனை?"

அவன் மேலே பார்த்தான்.

"நானும் நம்பறவதான்" என்றார் அவர் மெதுவாக. "எனக்குத் தெரிஞ்ச கடவுள் தூக்கத்தைக் குடுக்கறவர். பிடுங்கறவர் இல்ல."

பிறகு சீட்டில் எழுதினார். இரண்டு மாதம் இரவு ஷிப்ட் கூடாது. அவருடைய மருத்துவமனையில் மனநல மருத்துவர் ஒருவர் இருக்கிறார், அவரைப் பார்க்க வேண்டும். பையில் இருக்கும் பாட்டிலைக் குப்பையில் போட வேண்டும். "அப்புறம், ஒரு மாசத்துக்கு எந்த முயற்சியும் வேண்டாம். பரீட்சை ரத்து. பக்கத்துல படுத்துத் தூங்குங்க, போதும். வீட்ல தெரியுமா?"

"தெரியாது."

"அதை என்னால சீட்டுல எழுத முடியாது. நீங்கதான் பார்த்துக்கணும்."

வெள்ளிக்கிழமை மத்தியானம், ஷிப்ட் மாறும் நேரத்தில் அவன் மோட்டார் அறைக்குப் போனான். மூன்று பேரும் இருந்தார்கள். ஆணியிலிருந்த புத்தகத்தை எடுத்தான். ஏழு மாதமாக வலப்பக்கம் ஓடிப் பழகிய கை இடப்பக்கத்தில் தயங்கியது. 'இரண்டு மாதம் இரவு வேண்டாம்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டான்.

மீசை எட்டிப் பார்த்து உரக்கப் படித்தார். "அடடே! ஆந்தைக்குப் பகல்ல கண்ணு தெரிஞ்சுடுச்சுடோய்!"

நெட்டை சிரித்தான். சிரித்துக்கொண்டே திரும்பியவர்கள் ஆந்தையின் முகத்தைப் பார்த்தார்கள். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கே" என்றான் நெட்டை, பேச்சுக்கு.

"நீ என்னைக்காவது அதுல எழுதினியா? நான் எழுதினேனா? வெறுமையா விடு" என்று சொல்லி, மீசை பேனாவைப் பிடுங்கி வலப்பக்கத்தில் முதல் கையெழுத்தைப் போட்டார். "கிழவனுக்கு ராத்திரியில தூக்கம் எதுக்கு? இன்னைக்கு ராத்திரிலருந்து ரெண்டு வாரம் எனக்கு."

"அடுத்த ரெண்டு எனக்கு" என்றான் புதுமாப்பிள்ளை.

"டேய், உன் வீட்ல மாசமா இருக்காடா."

"அவ அம்மா வந்திருக்காங்க அண்ணே. அண்ணனுக்குன்னு சொன்னா அவளே சோறு கட்டிக் குடுத்து அனுப்புவா."

நெட்டையும் கையெழுத்துப் போட்டான். பிறகு அவன் தோளில் கைவைத்து, "ஏழு மாசமா எங்கம்மா திணறும்போதெல்லாம் எழுந்து உட்கார ஆள் இருந்ததுன்னா, அது உங்களாலதான்" என்றான். ஆந்தையோ, தான் செய்தது நன்மையே இல்லை, வெறும் ஒளிந்துகொள்ளல் என்றுதான் அதுவரை நினைத்திருந்தான். ஆனால் அந்த அம்மாவுக்கு மூச்சு வந்தது உண்மை. கோணலான மனசோடு கொடுத்த தண்ணீரும் தாகத்தைத் தணித்துவிடுகிறது. கடவுளின் தாராளத்தில் அதுவும் ஒன்று.

வீட்டுக்குப் போனபோது கட்டில்மேல் பெட்டி திறந்திருந்தது. மகள் நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தாள். மனைவி துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். மருத்துவர் கற்றுக்கொடுத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்து, பாதியில் அது தவறென்று பட, அவள் முகத்தைப் பார்த்தே சொல்லி முடித்தான்.

அவள் கையில் மகளின் பாவாடை அப்படியே நின்றது.

"இதுக்கா?" என்றாள். அடுத்த நொடி அந்தப் பாவாடையாலேயே அவன் தோளில் அடித்தாள். "ஒன்பது மாசம்! கடையில முகம் பார்க்கற கண்ணாடி முப்பது மாட்டிவெச்சிருக்கு. முப்பதுலயும் என் முகம்தான் தெரியும். எது கெட்டுப்போச்சு, எது கெட்டுப்போச்சுன்னு ஒவ்வொண்ணுலயும் தேடித் தேடிப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ என்னை ஆம்பளையா நினைக்கமாட்டேன்னு..."

"என்னை நீங்க அவ்வளவுதான் தெரிஞ்சுவெச்சிருக்கீங்களா?"

அவன் தலை குனிந்தான். அவள் பெட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். "உங்க தம்பி போன அன்னைக்கும் நீங்க அழலை. அப்பவே நான் பிடிச்சு உலுக்கியிருக்கணும்" என்றாள்.

"அவன் மூணு தடவை கூப்பிட்டான்."

"யாரு?"

"தம்பி. முந்தின நாள் மத்தியானம். நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். எடுக்கலை."

அதற்குமேல் அவனால் முடியவில்லை. பத்து மாதமாக உள்ளே தேங்கியிருந்தது, சத்தத்தோடு வெளியே வந்தது. அவள் பெட்டியைச் சுற்றி வந்து, அவன் தலையைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். விட்டுப்போன அழைப்புக்குச் சமாதானம் சொல்ல அவளிடம் வார்த்தை இல்லை. சொல்லவும் முயலவில்லை. பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பெட்டியைக் காலி பண்ணட்டுமா?" என்று கேட்டான், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"எதுக்கு? உங்க சட்டை ரெண்டு எடுத்துப் போடுங்க. அக்கா வீட்டுக்கு எல்லாருமாப் போயிட்டு, வர்ற வழியில உங்க தம்பி பொண்டாட்டியையும் பார்த்துட்டு வருவோம். அவகிட்டயும் நீங்க முகம் குடுத்துப் பேசலை."

அன்று மகள் தூங்கியதும் அவர்களும் படுத்தார்கள். மணி ஒன்பதுகூட ஆகவில்லை. பழக்கத்தில் அவன் கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்தான்.

"டாக்டர் ஒரு மாசத்துக்குப் பரீட்சை ரத்துன்னு சொல்லியிருக்காங்க" என்றான் இருட்டில்.

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "பதினோரு வயசுல பொண்ணு இருக்கு, இவருக்குப் பரீட்சையாம்! எப்பவோ பாஸ் பண்ணியாச்சு, கண்ணை மூடுங்க."

அவள் அக்கா வீட்டுக்கு என்னென்ன வாங்கிப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனாள். பழங்கள் என்பதுவரை அவனுக்குக் கேட்டது.

எல்லாம் அப்படியே சரியாகிவிடவில்லை. ஹார்மோன் கொஞ்சம் குறைவாக இருக்கிறது, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார் மருத்துவர். மனநல மருத்துவரிடம் முதல் இரண்டு முறை அவன் வானிலையைப் பற்றித்தான் பேசினான், மூன்றாம் முறைதான் தம்பியைப் பற்றிப் பேசினான். தம்பி மனைவியின் வீட்டில், தம்பியின் செருப்பு இன்னும் வாசலில் இருந்ததைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு இரவு தூங்கவில்லை. மாதம் முடிந்து ஒரு நாள் முயன்றபோது பழைய பயம் வந்து நடுவில் படுத்துக்கொண்டது. ஆனால் இந்த முறை அவன் எழுந்து போகவில்லை. "வரலை" என்று வாய்விட்டுச் சொன்னான். "சரி, தலையையாவது பிடிச்சுவிடுங்க, வலிக்குது" என்றாள் அவள். பிடித்துவிட்டான்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. எட்டு மணி நேரம் தூங்கி, யாரும் எழுப்பாமல் கண்விழித்தான். பழுப்புக் காகிதத்தைக் கிழித்துவிட்ட சன்னல் வழியாக விடியல் வெள்ளை வெளேரென்று வந்திருந்தது. பக்கத்தில் அவள், வாய் லேசாகத் திறந்து, கன்னத்தில் தலையணை மடிப்பின் தடத்தோடு தூங்கிக்கொண்டிருந்தாள். அழகாக இருக்கிறாள் என்று நினைத்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு, வேறெதையும் நினைக்காமல் அதை மட்டும் நினைத்தான். உடம்பும் அவனோடு சேர்ந்து விழித்திருந்தது அப்புறம்தான் தெரிந்தது. அவள் தோளைத் தொட்டான்.

அவள் ஒற்றைக் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

"பொண்ணு எழுந்துக்கப் போறா" என்று முணுமுணுத்தாள். "போய்க் கதவைச் சாத்திட்டு வாங்க."